வளவுப் பழமும் வெளிநாட்டுப் போத்தலும்

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு,

நீங்கள் அனுப்புகிற பார்சல்கள் ஒழுங்காக வந்து சேருகின்றன. உடுப்பையும் சொக்கிலேற்றையும் உங்கள் அம்மாமார் அயலட்டைக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். போத்தல்களை மட்டும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆள். அதனால் அவற்றில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வது என் வேலை என்றாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, சீனி வருத்தக் குளிசையோடு சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறார்கள். வாசித்து வாசித்து மனதில் சேர்ந்த குறையைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்களில் பலருக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு வேலை செய்து, பனிக்குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நின்று உழைத்த காசில்தான் அவற்றை வாங்குகிறீர்கள் என்பதும் தெரியும். என் வருத்தம் அந்தப் போத்தல்கள் சொல்லுகிற கதையைப் பற்றியது. முந்திரிகை விதைச் சாறு, மாதுளைச் சத்து, நோனி, நாவற்கொட்டைத் தூள், கொறுக்காய்க் குளிசை. ஒன்று உறங்குகிற மரபணுவை எழுப்புமாம். இன்னொன்று முதுமைக்கான மரபணுவை அடக்குமாம். வேறொன்று பரம்பரைச் சீனி வருத்தத்தை வேரோடு மாற்றுமாம். அதே வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் பழுத்து விழுந்து அணில் தின்கிறது. கொய்யா வௌவாலுக்குப் போகிறது. பனம்பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து அழுகுகிறது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "எனக்குச் சீனி எல்லே, பழம் தொடக்கூடாதாம்" என்கிறார் அம்மா. பழத்தை விலக்கிவிட்டு, பழத்தின் படம் போட்ட போத்தலைத் திறக்கிறார்.

இந்தத் தலைகீழான நிலைக்கு உங்கள் பங்கும் உண்டு, அதை மாற்றவும் உங்களால் முடியும். அதனால்தான் கிளினிக்குக்கு எழுதாமல், கடைக்காரருக்கு எழுதாமல், உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழம் மரபணுவோடு தொடர்புபடுகிறது என்பது பொய்யில்லை. உங்கள் அம்மாவின் கண்ணில் உள்ள கலத்திலும் ஈரலில் உள்ள கலத்திலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில்தான் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் ஆகின்றன. வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறினவர்களுக்கு இது உடனே விளங்கும். பாத்திகள் கட்டியபடியே இருக்கும். எந்தப் பாத்தியின் வாயைத் திறக்கிறோம், எதை மண் போட்டு அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே தண்ணி பாயும். உடம்பில் அந்த மண்வெட்டியைப் பிடித்திருக்கும் கைகளில் ஒன்று, நாம் சாப்பிடுகிற சாப்பாடு. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். சாப்பாட்டால் மரபணு மாறிவிடாது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறலாம்.

எங்கள் பழங்களையே எடுத்துக்கொள்வோம். மாம்பழத்தின் மஞ்சள் சதையிலும் பப்பாசியிலும் பீற்றா கரோட்டீன் இருக்கிறது. அது குடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. அதிலிருந்து ரெட்டினோயிக் அமிலம் உருவாகிறது. இந்த அமிலம் கலத்தின் கருவுக்குள் போய், அங்குள்ள ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து, டீ.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடங்களில் உள்ள மரபணுக்களை இயக்குகிறது. தோலும் குடற்சுவரும் நோயெதிர்ப்புக் கலங்களும் ஒழுங்காக உருவாவதற்கு இது வேண்டும். இதில் இன்னொரு அழகும் உண்டு. விற்றமின் ஏ போதுமான அளவுக்கு வந்ததும், அதே அமிலம் குடற்சுவரில் ஒரு காவல் புரதத்தைக் கூட்டுகிறது. அந்தப் புரதம், கரோட்டீனை விற்றமின் ஏ ஆக வெட்டுகிற நொதியத்தின் மரபணுவை அடக்கிவிடுகிறது. "காணும்" என்று உடம்பு தானே சொல்லிக்கொள்கிறது. மாம்பழத்தால் ஒருவருக்கும் விற்றமின் ஏ நஞ்சாகாததற்கு இந்தக் காவலும் ஒரு காரணம். நேரடி விற்றமின் ஏ குளிசை இந்தக் காவலுக்குள் அகப்படாமல் உள்ளே போய்விடும். அளவு மீறினால் ஈரலைத் தாக்கும்.

கொய்யாவையும் விளாம்பழத்தையும் பாருங்கள். அவற்றில் நார்ச்சத்து அதிகம். அது சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே உள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து பியூற்றிரேற்று போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. எங்கள் டீ.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சுற்றை இறுக்குகிற நொதியங்களைப் பியூற்றிரேற்று தடுக்கிறது. சுற்று இளகினால் அடங்கிக் கிடந்த சில மரபணுக்கள் வேலைக்கு வருகின்றன. பழத்தை அடித்து, வடித்து, சீனி போட்டுச் சாறாகக் கொடுத்தால் இந்த நாரில் பெரும்பங்கு சக்கையோடு குப்பைக்குப் போகிறது. போத்தலுக்குள்ளும் அது வருவதில்லை.

ஒஸ்லோவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அருகிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. நோர்வேயில் புகைபிடிக்கும் ஆண்கள் 102 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு மூன்று கிவிப் பழம். இன்னொரு குழுவுக்குப் பழமும் மரக்கறியும் நிறைந்த பலவகை உணவு. மூன்றாவது குழு வழக்கமான சாப்பாட்டோடு இருந்தது. எட்டுக் கிழமை கழித்து இரத்தக் கலங்களைப் பார்த்தபோது, கலத்தைப் பாதுகாக்கிற மரபணுக் கூட்டங்களின் வெளிப்பாடு பழம் சாப்பிட்டவர்களில் கூடியிருந்தது. 2010இல் இது வெளியானது. கிவிக் குழு சாப்பிட்டது முழுப் பழம். அளந்தது இரத்தக் கலங்களில் நடந்த மாற்றம். இதனால் நோய் மாறிற்று என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லுவது போத்தலில் அச்சடிப்பவர்கள்.

பழத்தில் உள்ள நல்லதைப் பிரித்தெடுத்துக் குளிசையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதை உலகம் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில் ஒரு பகுதியினருக்குப் பீற்றா கரோட்டீன் குளிசை கொடுத்தார்கள். பழமும் மரக்கறியும் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டு, அந்தக் காப்பு கரோட்டீனால்தான் வருகிறது என்று நம்பிச் செய்தது. 1994இல் முடிவு வந்தபோது, குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடந்த இன்னொரு பரிசோதனையில் பீற்றா கரோட்டீனும் விற்றமின் ஏயும் கொடுத்தார்கள். அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 வீதம் கூடியது. 1996இல் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பழத்தில் கரோட்டீன் தனியாக வருவதில்லை. நாரோடும் நீரோடும் நூற்றுக்கணக்கான வேறு பொருட்களோடும் சிறு அளவில் வருகிறது. அந்தக் கூட்டத்தில் இருந்து ஒன்றை மட்டும் பிரித்து, பல மடங்காக்கி, நாள்தோறும் உள்ளே தள்ளினால் உடம்பு அதைப் பழமென்று எடுத்துக்கொள்ளாது.

கொறுக்காயின் கதையும் அப்படித்தான். இலங்கையில் அதை மீன்குழம்புக்குப் போட்டு எத்தனை தலைமுறை சாப்பிட்டிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதன் சாற்றைக் குளிசையாக்கி, உடம்பு மெலியும் என்று விற்றார்கள். 1998இல் அமெரிக்காவில் 135 பேரில் பன்னிரண்டு கிழமை சோதித்தபோது, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்கள் கூடுதலாக மெலியவில்லை. பிறகு, அது சேர்ந்த குளிசைகளை எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் பழுதான செய்திகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. ஏற்கெனவே சீனிக்கும் பிரசருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை போடுகிற எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு இதை ஏன் அனுப்புகிறீர்கள்?

கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் பிரசர் மருந்தொன்றை மதுவோடு சேர்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து கொடுத்தார்கள். மருந்து இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. தற்செயலாகக் கிடைத்த அந்த முடிவு 1989இல் வெளியானது. அந்தப் பழத்தில் உள்ள பொருட்கள், குடற்சுவரில் மருந்தை உடைக்கிற ஒரு நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றன என்று பிறகு தெரிந்தது. கவனியுங்கள், நொதியத்தின் மரபணு வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது. அழிந்தது மரபணு எழுதித் தந்த புரதம். மரபணுவைத் தொடாமலே ஒரு பழம் உடம்பில் இவ்வளவு செய்யும். சிலவகைக் கொலஸ்ட்ரோல் குளிசைகளோடும் பிரசர்க் குளிசைகளோடும் இந்தப் பழத்தைச் சாப்பிட வேண்டாம் என்று அங்கே உங்கள் மருந்துக்கடைக்காரர் எச்சரிப்பார். இங்கே உங்கள் அம்மாவின் போத்தலில் என்னென்ன பழச்சத்து இருக்கிறது, அது அவருடைய எந்தக் குளிசையோடு மோதும் என்று யார் எச்சரிக்கப் போகிறார்கள்?

எங்கள் பழம் என்பதற்காக நான் கதை அளக்கப் போவதில்லை. நாவல் சீனியைக் குறைக்கும் என்று ஊர் முழுக்க நம்புகிறது. பிரேசிலிலும் அதே நம்பிக்கை உண்டு. அங்கே நாவலிலைத் தேநீரைச் சீனி வருத்தக்காரரில் முறையாகச் சோதித்தார்கள், இரத்தச் சீனி குறையவில்லை. பனம்பழத்தில் இதைவிடச் சுவையான கதை இருக்கிறது. பழக்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் என்ற பொருட்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் அவர்களின் குழு இவற்றை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தது. எலிகளின் குடலில் சீனி உறிஞ்சப்படுவதை இந்தக் கசப்பு குறைக்கிறது என்று கண்டார்கள். குடற்சுவரில் சீனியை உள்ளே இழுக்கத் துணை நிற்கும் ஒரு நொதியத்தை அது தடுக்கிறதாம். இங்கேயும் வேலை நொதியத்தில்தான் நடக்கிறது, மரபணுவில் இல்லை. எலியில் கண்டதை வைத்து அம்மாவின் குளிசையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கசக்கிறது, நாருக்குள் பல் போகிறது என்று நாங்கள் ஒதுக்கிய பழத்தில் ஆராய வேண்டிய பொருள் இருக்கிறது. அந்தப் பழம் பின்வளவில் வீணாகிறது என்பதையாவது நீங்கள் அறிய வேண்டும்.

இனி, "சீனி வருத்தக்காரர் பழம் தொடக்கூடாது" என்ற அந்தப் பேச்சுக்கு வருகிறேன். உங்களில் பலர் தொலைபேசியில் இதைச் சொல்லுகிறீர்கள். "அம்மா, மாம்பழம் சாப்பிட்டீங்களோ? வேண்டாம் அம்மா, சீனி ஏறும்." அக்கறையில்தான் சொல்லுகிறீர்கள். அம்மா மாம்பழத்தை வைத்துவிட்டுப் பிளேன்ரீயோடு நான்கு கிறீம் பிஸ்கற் சாப்பிடுகிறார். அதை ஒருவரும் கேட்பதில்லை. சீனாவில் சுமார் ஐந்து இலட்சம் பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள்தோறும் புதுப்பழம் சாப்பிட்டவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 12 வீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே அந்த வருத்தம் உள்ளவர்களில், கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல் பழம் சாப்பிட்டவர்களின் இறப்பு 17 வீதம் குறைவாக இருந்தது. கண், சிறுநீரகம், இரத்தக்குழாய்ச் சிக்கல்களும் குறைவாக இருந்தன. 2013இல் அமெரிக்காவில் 1,87,382 பேரின் தரவுகளைப் பார்த்தவர்கள், முழுப் பழம் சாப்பிடுவோருக்குச் சீனி வருத்தம் குறைவாகவும், பழச்சாறு நிறையக் குடிப்போருக்குக் கூடுதலாகவும் வருவதைக் கண்டார்கள். இவை தொடர்ந்து பார்த்துச் சொன்ன முடிவுகள். பழம் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பழத்தை அடியோடு விலக்கச் சொல்ல இவற்றில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. முழுக் கறுத்தக்கொழும்பான் இரண்டை ஒரே இருப்பில் சாப்பிடுவது வேறு, ஒரு கன்னத்தைச் சீவிச் சாப்பிடுவது வேறு. ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாசி, ஒரு சிறிய கதலி, ஒரு கைப்பிடி நாவல். சோற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, சாறாக்காமல், சீனி தூவாமல் சாப்பிட்டால் போதும். சீனிக் குளிசையையும் ஊசியையும் விடவே கூடாது.

விலக்க வேண்டியவர்களும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் தமரத்தங்காயைத் தொடவே கூடாது. அதில் உள்ள கரம்பொக்சின் என்ற நஞ்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. அது மூளைக்குப் போய் விக்கல், மயக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும். சீனி குறையும் என்று நம்பித் தமரத்தங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். வெறுவயிற்றில் நிறையக் குடித்தால் நல்ல சிறுநீரகமும் கெடலாம். பிலிம்பிக்காய்ச் சாறும் அப்படித்தான். சிறுநீரக வருத்தம் முற்றியவர்களுக்கு வாழைப்பழம் போன்ற பொட்டாசியம் கூடிய பழங்களையும் வைத்தியர் அளந்துதான் கொடுப்பார். ஆகவே உங்கள் அப்பாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவை ஒருமுறை கேட்டு அறிந்துகொள்ளுங்கள். போத்தலை வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

"சீனி எங்கட பரம்பரை வருத்தம், என்ன செய்தாலும் வரும்" என்று உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். 2018–2019இல் இலங்கையில் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வில், வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு பேருடைய மரபணு மாறிவிடவில்லை. சாப்பாடும் உடலுழைப்பும் மாறியிருக்கின்றன. சாப்பாட்டின் தடம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு சான்று உண்டு. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களை அறுபது வயதளவில் பார்த்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் இருக்கும் இரசாயனக் குறிகள், அவர்களுடைய சகோதரர்களைவிட அவர்களில் குறைவாக இருந்தன. 2008இல் அது வெளியானது. கர்ப்பத்தில் கிடைக்காத சாப்பாட்டின் அடையாளம் அறுபது ஆண்டு நின்றிருக்கிறது. பரம்பரை என்று கையை விரிப்பதற்கு முன், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். அங்கே பிறந்த உங்கள் பிள்ளைகள் கடைசியாக எப்போது முழுப் பழம் ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டார்கள்?

பழம் வளவில் இருந்தும் ஏன் வாய்க்கு வருவதில்லை என்று நீங்கள் யோசித்தது உண்டா? மரம் ஏற ஆள் இல்லை. கொக்கத்தடி பிடிக்கத் தோளில் பலம் இல்லை. விழுந்ததைக் குனிந்து பொறுக்க முழங்கால் விடாது. பலாப்பழத்தை வெட்டிப் பால் துடைத்துச் சுளை எடுக்கத் தனி ஆளால் முடியாது. கட்டுப்பல்லால் கொய்யாவைக் கடிக்க முடியாது. பனம்பழத்தைச் சுட்டுப் பிசைந்து களி எடுக்க ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டம் இப்போது ஐந்து நாடுகளில் இருக்கிறது. தென்மராட்சி மாம்பழமும் பலாப்பழமும் கொடிகாமத்தில் இருந்து லொறி ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. நீர்வேலி வாழைக்குலையும் அப்படியே. இரண்டு கிழவர்களுக்காக ஒரு சீப்புப் பழம் வாங்க ஓட்டோ பிடித்துச் சந்தைக்குப் போவது வீண்செலவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். தனியே இருந்து சாப்பிடுகிறவர் தனக்கென்று ஒரு பழம் சீவிக்கொள்வது மிக அரிது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பணம் அனுப்பி வீடு கட்டுவிக்கிறபோது முதலில் விழுவது மரம். மாமரத்துச் சருகு கூட்ட ஆள் இல்லையென்று வெட்டுகிறீர்கள். முற்றம் முழுவதும் சீமெந்து போடுவிக்கிறீர்கள். மதில் கட்டப் பனையைத் தறிப்பிக்கிறீர்கள். பலா, ஈரப்பலா, காய்க்கிற பெண் பனை ஆகியவற்றைத் தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அனுமதி எடுத்தும் எடுக்காமலும் தறிக்கிறார்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, சீனியும் மாவும் தட்டுப்பாடாக இருந்தபோது உங்களுக்குப் பனாட்டையும் பனங்காய்ப் பணியாரத்தையும் தந்த மரங்கள் அவை.

இவ்வளவும் எழுதியது ஐந்து விடயங்களைக் கேட்பதற்காக.

முதலாவது, போத்தல்களை நிறுத்துங்கள். நான் சொன்னால் உங்கள் அம்மா கேட்கமாட்டார். "பிள்ளை காசு குடுத்து அனுப்பினது, வீணாக்கலாமோ" என்று, வயிறு எரிந்தாலும் விழுங்குகிறார். அவர் விழுங்குவது மருந்தென்று நம்பியல்ல, நீங்கள் அனுப்பியது என்பதற்காக. ஆகையால் "இனி அதைப் போட வேண்டாம் அம்மா" என்று நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த விற்றமின் என்றால் அது வேறு. அதைத் தொடரட்டும். மற்ற எந்தப் போத்தலையும் கிளினிக் வைத்தியருக்குக் காட்டாமல் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தக் காசைப் பழத்துக்குத் திருப்புங்கள். அயலில் நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். கிழமைக்கு இரண்டு தரம் வந்து வளவுப் பழத்தைப் பிடுங்கி, இல்லாத காலத்தில் திருநெல்வேலியிலோ மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ வாங்கி வந்து, கழுவி, வெட்டி, கொய்யாவாக இருந்தால் மெல்லியதாகச் சீவி, மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கூலி கொடுங்கள். அந்த வருமானம் அயலில் ஒரு குடும்பத்துக்கும் உதவும்.

மூன்றாவது, தொலைபேசியில் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "குளிசை போட்டீங்களோ" என்பதோடு "இண்டைக்கு என்ன பழம் சாப்பிட்டீங்கள்" என்றும் கேளுங்கள். மாம்பழம் என்றால் பதறாதீர்கள், எவ்வளவு என்று கேளுங்கள். பிஸ்கற்றைப் பற்றியும் ஒருமுறை கேளுங்கள்.

நான்காவது, வீடு கட்டுகிறவர்கள் காய்க்கிற மரத்தை விட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தறித்தவர்கள் ஒட்டு மாங்கன்று ஒன்றும் கொய்யா ஒன்றும் கிணற்றடியில் இரண்டு வாழையும் நடுவியுங்கள். நிலம் இருந்தால் வேலியோரம் பனங்கொட்டை புதைப்பியுங்கள். பனை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காய்க்கும்.

ஐந்தாவது, நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வருகிற ஆடி, ஆவணிதான் பனம்பழக் காலம். அந்த நாட்களில் ஒருநாள் வீட்டில் நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளைக் கொண்டு பனம்பழம் பொறுக்குவியுங்கள். அம்மா சொல்லித்தர நீங்கள் களி பிசையுங்கள். சுட்ட பழத்தை அவர்களோடு இருந்து சூப்புங்கள். எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதுவும் உங்கள் அம்மாவின் மரபணுவை இளமையாக்காது. சீனி வருத்தத்தை மாற்றாது. நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் சாப்பிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற அளவுக்கு அவரைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நடந்தால், குடலிலும் இரத்தத்திலும் ஈரலிலும் வேலை செய்யும். எந்தப் போத்தலாலும் அதை ஒரே மாதத்தில் செய்துவிட முடியாது.

சகோதரங்கள் எல்லாரும் இந்தக் கிழமையே ஒருமுறை கூடிக் கதையுங்கள். போத்தலை நிறுத்தச் சொல்லி அம்மாவோடு கதைப்பது யார், பழம் கொண்டுவரும் ஆளுக்கு மாதாமாதம் காசு அனுப்புவது யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் பிடித்துத் தரும் வேலையை இங்கே நாங்கள் ஓய்வுபெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் பதில் வந்தால் மறுநாளே தொடங்கலாம்.

அன்புடன்,
ஊரில் இருக்கும் உங்கள் பழைய விஞ்ஞான ஆசிரியர்